மோட்டார் எஞ்சினின் எரிபற்று ஒழுங்கும் அதனை மாற்றுதலும்

மொரிஸ் மைனர் வண்டியின் எஞ்சினில் நான்கு உருளைகள் உள. அவற்றில் எரிபொருள் 1-3-4-2 என்னும் ஒழுங்கிற் பற்றி எரிகின்றது. 1959 இல் வெளிவந்த போர்ட் அங்லியாவின் எஞ்சினிலும் நான்கு உருளைகளே உள. ஆயின் அங்கு ஒழுங்கு 1-2-4-3 ஆகும். இவ்விரு வண்டிகளும் ஒரு காலத்தில் நம் நாட்டுத் தெருக்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியவை. ஒரே வேலைத்தளத்தில் அருகருகே நின்றவை. மொரிஸ் மைனரிற் கைபழகிய ஒருவர், அங்லியாவின் பிளக் வயர்களைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தமது நினைவிலிருந்த ஒழுங்கிலேயே மீண்டும் மாட்டினால் என்ன நிகழும்?

இத்தகைய காட்சியொன்றை நாம் நேரிற் கண்டதுண்டு. எஞ்சின் முற்றாக நின்றுவிடவில்லை. இரண்டு உருளைகளின் வலுவில் முக்கி முனகி ஓடிற்று. காபரேற்றரின் வாயிலிருந்து இடையிடையே சுடர் சீறிற்று. சைலன்சரில் வெடியோசை கேட்டது. காபரேற்றர் பழுது என்றார் ஒருவர். பெற்றோலில் நீர் கலந்துள்ளது என்றார் மற்றொருவர். காபரேற்றர் இருமுறை கழற்றிப் பூட்டப்பட்டது. பிற்பகலில் வந்த முதியவர் ஒருவர் 2 ஆம், 3 ஆம் உருளைகளுக்குச் செல்லும் வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டினார். வண்டி சீராக ஓடத் தொடங்கியது. அரை நிமிட வேலை அது. ஒரு பகற்பொழுது அதற்காக வீணாயிற்று.

அவ்விரு வயர்களையும் மாற்றியதனால் அந்த எஞ்சினின் எரிபற்று ஒழுங்கு மாற்றப்பட்டதா? மாற்றப்பட்டது என்றே அங்கு நின்றோர் பேசிக்கொண்டனர். உண்மை அதுவன்று. எஞ்சினின் ஒழுங்கு வயர்களில் இல்லை. அது எஞ்சினின் உள்ளே உலோகத்தில் வெட்டப்பட்டிருக்கின்றது. வயர்கள் அதற்குக் கீழ்ப்படிய வேண்டியவை. கீழ்ப்படியாதபோது முற்கூறிய நிலை ஏற்படும். அங்ஙனமாயின் எரிபற்று ஒழுங்கை உண்மையாகவே மாற்ற முடியுமா, முடியுமெனின் எவ்வளவுக்கு முடியும், மாற்றியவர்கள் அதனால் எதனைப் பெற்றனர் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொற்கள் பற்றி ஒரு குறிப்பு. வேலைத்தளத்திற் சிலிண்டர், பிஸ்ரன், கிராங் என வழங்குபவற்றை நாம் இங்கு முறையே உருளை, முசலம், சுழற்றித்தண்டு என்போம். முசலம் என்பது உலக்கையைக் குறிக்கும் பழஞ்சொல். வேலைத்தளத்தில் அதனைச் சொன்னால் நகைப்புக்கு இடமாகலாம். எனினும் பாடநூல்களில் அது நிலைபெற்றுவிட்டமையால் அதனையே கையாளுகின்றோம். கேம் தண்டு, வால்வு, பிளக், டிஸ்ரிபியூட்டர் ஆகியவற்றை அவ்வாறே விட்டுவிடுகின்றோம்.

ஒழுங்கு எங்கு உள்ளது?

நான்கடிப்பு எஞ்சினின் ஒவ்வோர் உருளையிலும் உள்ளெடுத்தல், அமுக்கல், வலு, வெளியேற்றல் என்னும் நான்கு அடிப்புகள் நிகழ்கின்றன. இவை நான்கும் நிறைவேறச் சுழற்றித்தண்டு இருமுறை, அதாவது 720 பாகை, சுழல வேண்டும். ஆகவே முசலமானது ஒரு வட்டத்தில் இருமுறை உருளையின் உச்சியை அடைகின்றது. ஒருமுறை அமுக்கலின் முடிவில் அடைகின்றது; அப்பொழுதுதான் பொறி பாய வேண்டும். மற்றொருமுறை வெளியேற்றலின் முடிவில் அடைகின்றது; அப்பொழுது வெளியேற்று வால்வு மூடிக்கொண்டும் உள்ளெடு வால்வு திறந்துகொண்டும் இருக்கும்.

முசலத்தைப் பார்த்து மட்டும் இவ்விரண்டில் எது நிகழ்கின்றது என்று சொல்ல முடியாது. சுழற்றித்தண்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நிலையே. அவற்றை வேறுபடுத்துவது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டாகும். அது சுழற்றித்தண்டின் அரைவேகத்திற் சுழல்வதால் 720 பாகைக்கு ஒருமுறையே தன் சுற்றை முடிக்கின்றது. டிஸ்ரிபியூட்டரும் அதே அரைவேகத்திற் சுழன்று பொறியைப் பகிர்ந்தளிக்கின்றது.

எனவே ஓர் எஞ்சினின் எரிபற்று ஒழுங்கை இரு பொருள்கள் தீர்மானிக்கின்றன. எந்த முசலங்கள் எப்பொழுது உச்சிக்கு வரும் என்பதைச் சுழற்றித்தண்டின் வடிவம் தீர்மானிக்கின்றது. ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும் இரு முசலங்களுள் எது எரியும், எது புகையை வெளியேற்றும் என்பதைக் கேம் தண்டு தீர்மானிக்கின்றது. கேம் தண்டை மாற்றுபவர் இந்த இரண்டாவது தெரிவை மட்டுமே மாற்றுகின்றார்.

நான்கு உருளைகள் ஒரே நிரையில் அமைந்த எஞ்சினைக் கொண்டு இதனைப் பார்ப்போம். அதில் 1 ஆம், 4 ஆம் முசலங்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். 2 ஆம், 3 ஆம் முசலங்கள் அவற்றுக்கு எதிராக அசையும். 1 எரிந்து அரைச்சுற்று ஆனதும் உச்சிக்கு வருவன 2 உம் 3 உம். அவற்றுள் ஒன்று எரியும். அடுத்த அரைச்சுற்றில் 4 எரியும். பின்னர் எஞ்சிய ஒன்று எரியும். ஆகவே 1-3-4-2, 1-2-4-3 என்னும் இரண்டு ஒழுங்குகளே இயலும். 1-2-3-4 என்று எரிதல் இத்தண்டில் ஒருபோதும் நிகழாது.

அங்லியாவிற் பிளக் வயர்கள் தவறாக மாட்டப்பட்டபோது 1 உம் 4 உம் சரியாகவே எரிந்தன என்பதும் 2 உம் 3 உம் சரியாக ஒரு சுற்று, அதாவது 360 பாகை, தவறின என்பதும் இப்பொழுது விளங்கும். அவ்விரண்டிலும் பொறி பாய்ந்தது வெளியேற்றலின் முடிவில். உள்ளெடு வால்வு திறக்கும் வேளையில். அதனாலேயே சுடர் காபரேற்றருக்குத் திரும்பிற்று. எரிய வேண்டிய வேளையில் எரியாத கலவை அப்படியே வெளியேறிச் சைலன்சரில் வெடித்தது.

இவ்விரு ஒழுங்குகளுள் எது சிறந்தது என்று வினவினால், எதுவும் சிறந்ததன்று என்றே கூற வேண்டும். ஒன்றைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் மற்றது கிடைக்கும். இரண்டிலும் அடுத்தடுத்து அமைந்த உருளைகள் இருமுறை தொடர்ந்து எரிகின்றன: முதலாவதில் 3-4, 2-1, இரண்டாவதில் 1-2, 4-3. மொரிஸ் மைனரிற் பின்னர் பொருத்தப்பட்ட எஞ்சினில் 1 உம் 2 உம் ஒரே உள்ளெடு வழியைப் பகிர்ந்துகொள்கின்றன; 3 உம் 4 உம் அவ்வாறே. ஒரே வழியில் இருவர் அடுத்தடுத்துக் கலவையை உறிஞ்சும்போது பங்கீடு சமமாக அமைவதில்லை. கேம் தண்டை மாற்றி ஒழுங்கைத் திருப்பினால் யார் முதலில் உறிஞ்சுவது என்பது மாறுமேயன்றிப் போட்டி ஒழியாது. நான்கு உருளை எஞ்சினில் ஒழுங்கை மாற்றும் முயற்சி பயனற்றது என்பது எமது கருத்து.

ஆறு உருளைகள் ஒரே நிரையில் அமைந்த எஞ்சினில் நிலைமை வேறு. அங்கு 1-6, 2-5, 3-4 என மூன்று இணைகள் உள. வழக்கிலுள்ள தண்டில் நான்கு ஒழுங்குகள் இயலும்: 1-5-3-6-2-4, 1-5-4-6-2-3, 1-2-3-6-5-4, 1-2-4-6-5-3. இவற்றுள் முதலாவதில் மட்டுமே அடுத்தடுத்த உருளைகள் எவ்விடத்தும் தொடர்ந்து எரிவதில்லை. ஆகவே பெரும்பாலான ஆறு உருளை எஞ்சின்கள் அதனையே கொண்டுள்ளன. தெளிவான வெற்றியாளர் இருப்பதால் அங்கும் மாற்றத்துக்கு இடமில்லை.

எட்டு உருளை எஞ்சினிலேயே இவ்வினா உயிர்பெறுகின்றது.

எட்டு உருளைகளின் கணக்கு

அமெரிக்க வண்டிகளிற் பெரிதும் வழங்கும் எட்டு உருளை எஞ்சினில், நான்கு நான்கு உருளைகளாக இரண்டு அணிகள் 90 பாகைக் கோணத்திற் சாய்ந்து நிற்கும். சுழற்றித்தண்டில் நான்கு முழங்கைகளே உள; ஒவ்வொன்றிலும் இட அணியின் ஓர் உருளையும் வல அணியின் ஓர் உருளையும் இணைக்கப்பட்டிருக்கும். முன்னிருந்து பார்த்தால் இந்நான்கு முழங்கைகளும் சிலுவை வடிவில் நான்கு திசைகளையும் நோக்கி நிற்கும். இச்சிலுவைத் தண்டைக் கடிலாக் நிறுவனம் 1923 இல் தனது 1924 ஆம் ஆண்டு வண்டிகளுக்கென அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு 90 பாகைக்கும் ஓர் உருளை எரியும்.

இவ்வெஞ்சினைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் உருளை எண்களால் குழப்பமடைவர். செவ்ரோலெற் எஞ்சினில் இட அணி 1, 3, 5, 7 எனவும் வல அணி 2, 4, 6, 8 எனவும் எண்ணிடப்படும். போர்ட் எஞ்சினிலோ வல அணி 1, 2, 3, 4 எனவும் இட அணி 5, 6, 7, 8 எனவும் எண்ணிடப்படும். நாம் இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன்னோக்கிப் பார்க்கையில் இடப்புறத்து உருளைகளை முன்னிருந்து பின்னாக இ1, இ2, இ3, இ4 எனவும் வலப்புறத்தனவற்றை வ1, வ2, வ3, வ4 எனவும் குறிப்போம்.

1955 இல் வெளிவந்த செவ்ரோலெற்றின் 265 கன அங்குல எஞ்சினின் ஒழுங்கு 1-8-4-3-6-5-7-2. எமது குறியீட்டில் எழுதினால் அது இ1-வ4-வ2-இ2-வ3-இ3-இ4-வ1 ஆகும். போர்ட் நிறுவனத்தின் 302 கன அங்குல எஞ்சினின் பழைய ஒழுங்கு 1-5-4-2-6-3-7-8. இதனை எழுதினால் வ1-இ1-வ4-வ2-இ2-வ3-இ3-இ4 எனக் கிடைக்கும். இ1 இலிருந்து தொடங்கிப் படித்துப் பாருங்கள்: இரண்டும் ஒன்றே. எண்களிற் பெரும்பாலும் ஒற்றுமை இல்லை. உள்ளே நிகழ்வது எள்ளளவும் வேறன்று. ஒன்று மற்றதிலும் சிறந்தது என்று இரு நிறுவனங்களின் அன்பர்களும் வாதிடும்போது இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இத்தண்டில் ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும் இணைகள் நான்கு: இ1-வ3, வ4-இ3, வ2-இ4, இ2-வ1. ஒவ்வோர் இணையிலும் எது முதலில் எரியும் என்பதைக் கேம் தண்டு தீர்மானிக்கும். இ1 ஐத் தொடக்கமாகக் கொண்டால் எஞ்சிய மூன்று இணைகளிலும் இரண்டிரண்டு தெரிவுகள் உள. ஆகவே மொத்தம் எட்டு ஒழுங்குகள் இயலும்.

இவற்றுள் மிகச் சிறந்தது, இட அணியும் வல அணியும் மாறிமாறி எரியும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று ஒருவர் எண்ணலாம். ஆயின் அது சிலுவைத் தண்டில் இயலாது. காரணம் எளிது. ஒவ்வோர் இணையிலும் ஓர் உருளை இட அணியிலும் மற்றது வல அணியிலும் உள்ளது; அவ்விரண்டும் வரிசையில் நான்கு இடம் தள்ளி எரிகின்றன. மாறிமாறி எரியும் வரிசையில் நான்கு இடம் தள்ளினால் அதே அணி வர வேண்டும். இவை இரண்டும் ஒருங்கே நிறைவேற மாட்டா. ஆகவே குறைந்தது இரண்டு இடங்களிலேனும் ஒரே அணியின் இரு உருளைகள் தொடர்ந்து எரிந்தே தீரும்.

எட்டு ஒழுங்குகளுள் நான்கில் மட்டும் இக்குறை இரண்டு இடங்களோடு நின்றுவிடுகின்றது. அவை வருமாறு:

முதலாவது: இ1-இ3-வ2-இ2-வ3-வ4-இ4-வ1
இரண்டாவது: இ1-வ4-வ2-இ2-வ3-இ3-இ4-வ1
மூன்றாவது: இ1-வ4-இ4-இ2-வ3-இ3-வ2-வ1
நான்காவது: இ1-வ4-இ4-வ1-வ3-இ3-வ2-இ2

இவற்றை ஊன்றி நோக்குக. ஒவ்வொன்றிலும் ஒரே அணியில் தொடர்ந்து எரியும் இணைகள் இரண்டு உள. அவற்றுள் ஒன்றில் இரு உருளைகளுக்கும் இடையே மற்றோர் உருளை நிற்கின்றது; அது பெருந்தீங்கன்று. மற்றதில் இரண்டும் ஒட்டி நிற்பவை. முதலாவதில் அவை வ3-வ4, இரண்டாவதில் இ3-இ4, மூன்றாவதில் வ2-வ1, நான்காவதில் இ2-இ1. முதலிரண்டிலும் ஒட்டிய இணை எஞ்சினின் பின்புறத்தில் உள்ளது. பின்னிரண்டிலும் முன்புறத்தில் உள்ளது. ஒட்டிய இணையே இல்லாத ஒழுங்கு இந்நான்கில் எதுவுமில்லை. ஆகவே ஒழுங்கை மாற்றுபவர் இச்சுமையை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் வைக்கின்றார், அவ்வளவே.

இடம்பெயர்ந்த சுமை

முற்கூறிய செவ்ரோலெற்றும் போர்ட்டும் கொண்டிருந்தது இரண்டாவது ஒழுங்கு. அதில் ஒட்டி எரியும் இணை இ3-இ4, அதாவது செவ்ரோலெற்றில் 5-7, போர்ட்டில் 7-8. இவ்விணையால் மூன்று தொல்லைகள் எழும். முதலாவது வெப்பம்: பக்கத்திற் பக்கமாக நிற்கும் இரு உருளைகள் 90 பாகை இடைவெளியில் எரிவதால் அவற்றுக்கு இடைப்பட்ட சுவர் அதிகம் சூடேறும்; நீர்ப்பம்பி முன்புறத்தில் அமைந்திருக்க, இவ்விணை பின்கோடியில் உள்ளது. இரண்டாவது பங்கீடு: உள்ளெடு வால்வு 180 பாகைக்கும் கூடுதலாகத் திறந்திருப்பதால், 5 உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே 7 உம் உறிஞ்சத் தொடங்கும், அண்டை வழிகளில் ஒன்றின் கலவையை மற்றது பறிக்கும்.

மூன்றாவது தொல்லை சற்று நுட்பமானது. வண்டி வைத்திருப்போர் எவரும் அறிந்திருக்க வேண்டியது. 5 க்கும் 7 க்கும் செல்லும் பிளக் வயர்கள் நெடுந்தூரம் ஒன்றையொன்று ஒட்டிச் சென்றால், ஒன்றிற் பாயும் உயர் அழுத்த மின் மற்றதிலும் மின்னைத் தூண்டும். 5 இற் பொறி பாயும் வேளையில் 7 இன் முசலம் அமுக்கலின் நடுவில், உச்சிக்கு 90 பாகை முன்னதாக உள்ளது. அங்கு கலவை ஆயத்தமாக இருக்கின்றது. தூண்டப்பட்ட பொறி அதனைப் பற்றவைத்துவிட்டால், ஏறிக்கொண்டிருக்கும் முசலத்தின் தலையில் வெடி விழும். முசலம் உடைவதற்கும் இதுவே போதும். ஆகவே அவ்விரு வயர்களையும் பிரித்து, முடிந்தால் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்குமாறு கொண்டுசெல்ல வேண்டும். அழகுக்காக வயர்களை ஒன்றாகக் கட்டி வைப்போர் இதனை அறியாதவர்கள்.

போர்ட் நிறுவனம் 1969 இல் வெளியிட்ட 351 கன அங்குல வின்சர் எஞ்சினுக்கு 1-3-7-2-6-5-4-8 என்னும் ஒழுங்கை வகுத்தது. 1982 இல் மஸ்ராங் வண்டியின் உயர்வலு 302 எஞ்சினுக்கும் அதே ஒழுங்கு வந்தது. பழைய ஒழுங்கோடு ஒப்பிட்டால் 5 உம் 3 உம் தம்முள் இடம் மாறியுள்ளன. 4 உம் 7 உம் அவ்வாறே. எமது குறியீட்டில் இது நான்காவது ஒழுங்காகும். 1991 இல் வந்த அதன் 4.6 லீற்றர் எஞ்சினும் இதனையே கொண்டது. செவ்ரோலெற்றோ 42 ஆண்டுகள் பழைய ஒழுங்கோடு இருந்து, 1997 இல் கோர்வெற் வண்டிக்கென வந்த எல்.எஸ்.1 எஞ்சினில் 1-8-7-2-6-5-4-3 என மாற்றிக்கொண்டது. இதனையும் எழுதிப் பார்த்தால் அதே நான்காவது ஒழுங்கே கிடைக்கும். ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட இரு போட்டியாளர்களும் ஒரே இடத்தை வந்தடைந்தனர்.

பந்தய எஞ்சின் அமைப்போர் தொழிற்சாலைக்காகக் காத்திருக்கவில்லை. அவர்கள் பழைய செவ்ரோலெற்றில் 4 ஐயும் 7 ஐயும் மட்டும் மாற்றி 1-8-7-3-6-5-4-2 என்னும் ஒழுங்குக்குரிய கேம் தண்டுகளைச் செய்வித்தனர். இது மூன்றாவது ஒழுங்காகும். இதனைப் புதுக் கண்டுபிடிப்பாகக் கருதுவோர் பலர். ஆயின் 1932 இல் போர்ட் வெளியிட்ட பக்கவால்வு எட்டு உருளை எஞ்சினின் ஒழுங்கு 1-5-4-8-6-3-7-2; அதனை எமது குறியீட்டில் எழுதினால் இ1-வ4-இ4-இ2-வ3-இ3-வ2-வ1 எனக் கிடைக்கும். பந்தயத் திடலிற் புதிதாகப் பேசப்பட்ட ஒழுங்கு பழைய போர்ட்டில் முன்னரே ஓடிக்கொண்டிருந்தது.

மாற்றத்தின் பயன் வெப்பத்தோடு முடிந்துவிடவில்லை. இரண்டாவது ஒழுங்கில் வ1 எரிந்தவுடன் இ1 எரிகின்றது. இவை இரண்டும் தண்டின் முன் முழங்கையில் உள்ளன. ஆகவே முன் போதிகையின்மீது இரு அடிகள் தொடர்ந்து விழும். நான்காவதில் இத்தொடர்ச்சி பின் முழங்கைக்குப் போய்விடுகின்றது. வ4 ஐத் தொடர்ந்து இ4 எரிகின்றது. இங்கும் சுமை ஒழியவில்லை, இடம்பெயர்ந்துள்ளது. தண்டின் பின்கோடியில் பறக்குஞ் சில்லு இருப்பதால் அக்கோடி எளிதில் முறுகாது. முன்கோடியே முறுக்கதிர்வில் மிகுதியாக ஆடும். ஒரு சுற்றுக்கு நான்கு, எட்டு என எழும் அதிர்வுகளை எரிபற்று ஒழுங்கு பாதிப்பதில்லை. எந்த ஒழுங்காயினும் அவை இருக்கும். இடைப்பட்ட மற்றைய அதிர்வுகளின் பருமனே ஒழுங்குக்கேற்ப மாறுவது. உயர்வேகத்தில் ஓடும் பந்தய எஞ்சினில் இது கருதத்தக்கது. கடைத்தெருவுக்குப் போய்வரும் வண்டியில் இதனை உணர்வது அரிது.

மாறாதவற்றையும் கூற வேண்டும். முசலங்களின் நிறையால் எழும் விசைகளின் சமநிலை சுழற்றித்தண்டைச் சார்ந்தது. கேம் தண்டை மாற்றுவதால் அதில் எம்மாற்றமும் இல்லை. எரியும் இடைவெளியும் 90 பாகையாகவே இருக்கும். சிலுவைத் தண்டு எஞ்சினுக்கே உரிய உறுமலும் மாறாது: நாம் தந்த நான்கு ஒழுங்குகளிலும் ஒவ்வோர் அணியின் புகைக்குழாயிலும் 90, 180, 270, 180 பாகை என்னும் இடைவெளிகளே திரும்பத்திரும்ப வரும். ஒழுங்கை மாற்றியபின் ஓசை வேறாயிற்று என்று சொல்வோரின் காதை நாம் பழிக்க விரும்பவில்லை. புதிய கேம் தண்டின் வால்வு நேரங்களும் வேறாக இருந்திருக்கலாம்.

மாற்றும் முறை

வேலை என்ற அளவில் நோக்கினால், புதிய ஒழுங்குக்கெனக் கடையப்பட்ட கேம் தண்டு வேண்டும். மாறும் உருளைகளுக்குரிய கேம்கள் அத்தண்டில் 180 பாகை திரும்பியிருக்கும். சுழற்றித்தண்டின் கணக்கில் அது 360 பாகையாகும். சுழற்றித்தண்டு, முசலங்கள், அதிர்வுத் தணிப்பி ஆகியன பழையனவே. டிஸ்ரிபியூட்டரையும் மாற்ற வேண்டியதில்லை; அதன் மூடியிலிருந்து செல்லும் வயர்களைப் புதிய ஒழுங்கில் மாட்டினாற் போதும். உருளைக்கு உருளை முறைவைத்து எரிபொருளைப் பீச்சும் எஞ்சினாயின் பீச்சிகளின் வரிசையும் மாற வேண்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிச்சுருள் கொண்ட இன்றைய எஞ்சின்களிற் பொறியின் வரிசை கணினியில் எழுதப்பட்டிருப்பதால் அதனையும் திருத்த வேண்டும்.

இவ்வேலையிற் பெரும்பாலும் நிகழும் தவறு, கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்டதன் மறுபக்கமாகும். பழைய 302 எஞ்சினுக்கு உயர்வலு எஞ்சினின் கேம் தண்டைப் பொருத்துவர். வயர்களை எஞ்சினின் உறையில் வார்க்கப்பட்ட அல்லது பழைய கைந்நூலில் அச்சிடப்பட்ட ஒழுங்கில் மாட்டுவர். 1, 2, 6, 8 எரியும். 3, 4, 5, 7 எரியமாட்டா. இங்கு இரண்டல்ல, நான்கு உருளைகள் தவறுவதால் எஞ்சின் பெரும்பாலும் ஓடவே ஓடாது. காபரேற்றருக்குத் தீ திரும்புவதால் ஆபத்தும் உண்டு. முன்னைய உரிமையாளர் கேம் தண்டை மாற்றியதைச் சொல்லாமல் வண்டியை விற்றிருந்தால் வாங்கியவர் படும் பாடு பெரிது.

சாதாரண வண்டியில் இம்மாற்றத்துக்கென எஞ்சினைத் திறப்பது வீண் செலவு என்பதே எமது மதிப்பீடு. வேறு காரணத்தால் கேம் தண்டை மாற்ற நேரின், அவ்வேளையில் நான்காவது ஒழுங்குக்குரிய தண்டைத் தெரிதல் தகும். அணிகள் மாறிமாறி எரிய வேண்டும் என்று விரும்புவோர் சிலுவைத் தண்டையே கைவிட்டு, முழங்கைகள் யாவும் ஒரே தளத்தில் அமைந்த தண்டைக் கொள்ள வேண்டும். 2015 இல் வெளிவந்த போர்ட் மஸ்ராங் ஜி.ரி.350 இன் 5.2 லீற்றர் எஞ்சின் அத்தகையது. அதன் ஒழுங்கு 1-5-4-8-3-7-2-6. வல அணியும் இட அணியும் அதில் ஒன்றுவிட்டு ஒன்றாக எரிகின்றன. ஆயின் அத்தண்டு கொண்டுவரும் அதிர்வு வேறு; அது தனியாக ஆராயத்தக்கது.

ஒழுங்கு தெரியாத எஞ்சின் ஒன்று கைக்கு வந்தால் கைந்நூலையும் பிறர் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, வால்வு மூடியைத் திறந்து, எஞ்சினை அது ஓடும் திசையிற் கையாற் சுழற்றுக. உள்ளெடு வால்வுகளை மட்டும் கவனித்து, அவை எந்த உருளையில் முதலிலும் எந்த உருளையில் அடுத்ததாகவும் திறக்கின்றன என்று இருசுற்று முடியும்வரை தாளிற் குறித்துக்கொள்க. அவ்வரிசையே அவ்வெஞ்சினின் எரிபற்று ஒழுங்கு. முற்கூறிய முதியவரும் வயர்களைத் தொடுமுன் இதனையே செய்தார்.